சாகாதவருக்கும் காசு: ஒரு காப்புறுதி பிறந்த கதை

"இருபது வருசம் கட்டுறன். செத்தாக் குடும்பத்துக்குக் காசு வரும், சரி. சாகாட்டிக் கட்டினதெல்லாம் போச்சா?"

இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ காப்புறுதி முகவர் ஒருவர் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கடலையும் வயலையும் தறியையும் நம்பிய வீட்டில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் டியூசன் காசு. அதை இருபது வருசம் கட்டிவிட்டு வெறுங்கையோடு எழும்புவதா என்று கேட்பது நியாயம்தான். முகவரிடம் இப்போது அதற்கும் பதில் இருக்கிறது: "அதுக்கும் ஒரு பொலிசி இருக்கு அண்ணன். காலம் முடியும்போது நீங்க உயிரோட இருந்தா, கட்டின காசு முழுக்கத் திரும்பி வரும்."

கேட்க நன்றாக இருக்கிறது. சாதாரண டேர்ம் பொலிசியில் குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டுமே காசு. பிழைத்திருந்தால் எதுவும் இல்லை. இந்தப் பொலிசியில் இரண்டு பக்கமும் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் எந்தக் கம்பனியும் தன் பையிலிருந்து எடுத்து அந்தக் காசைத் தருவதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால், இந்த வாக்குறுதி எப்படிப் பிறந்தது என்ற கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். மரண உதவிச் சங்கம் இல்லாத தெரு இந்தக் கரையில் குறைவு. மாதச் சந்தா கட்டியதற்கு அடையாளமாகக் கட்டம் போட்ட ஒரு சிறிய அட்டை. ஒவ்வொரு கட்டத்திலும் பொருளாளரின் கிறுக்கல் கையெழுத்து. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கதிரைகளும் கூடாரமும் பெரிய பானைகளும் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து இறங்கும். உறையில் போட்ட காசு வீட்டுக்காரர் கைக்குப் போகும். முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் கபன் துணி முதல் குழி வெட்டுவது வரை பார்த்துக்கொள்ளும். முப்பது வருசம் சந்தா கட்டிய ஒருவர் "எங்கட வீட்டில சாவு விழல்ல, காசைத் திருப்பித் தாங்க" என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தன் காசு எந்த வீட்டு வாசலில் கூடாரமாக நின்றது என்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார்.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. ரோமுக்கு அருகே லனூவியம் என்ற ஊரில் கி.பி. 133-இல் அமைந்த ஒரு சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகக் கிடைத்திருக்கின்றன. சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும். பிறகு மாதச் சந்தா. இறந்தால் ஈமச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ். அடிமைகளும் அதில் உறுப்பினராக இருந்தார்கள். அங்கேயும் பிழைத்திருப்பவருக்குக் காசு திரும்பும் என்ற பேச்சு இல்லை.

பேச்சு தொடங்கியது, முகம் தெரியாதவர்கள் காசு போட்டு முகம் தெரியாத ஒருவர் அதை நடத்தத் தொடங்கிய பிறகுதான். லண்டனில் 1583 ஜூன் 18 அன்று வில்லியம் கிப்பன்ஸ் என்பவரின் உயிர்மீது 12 மாதத்துக்கு ஒரு பொலிசி எழுதப்பட்டது. தப்பிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆயுட் காப்புறுதிப் பதிவுகளில் அது ஒன்று. இன்றைய மொழியில் சொன்னால் சுத்தமான டேர்ம் பொலிசி. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் கிப்பன்ஸ் இறந்தார். காப்புறுதி கொடுத்த வணிகர்கள் காசைத் தர மறுத்தார்கள். மாதம் என்றால் 28 நாள், அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது, வணிகர்கள் தோற்றார்கள். பொலிசியில் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கு நானூறு வயது தாண்டிவிட்டது.

இப்போது கதையின் முக்கியமான ஆளுக்கு வருவோம். ஜேம்ஸ் டொட்சன், லண்டனில் கணித ஆசிரியர். அமிக்கபிள் என்ற சங்கம் 1706 முதல் அங்கே ஆயுட் காப்புறுதி நடத்தி வந்தது. 45 வயதுக்கு மேல் யாரையும் அது சேர்ப்பதில்லை. சேர்ந்தவர்களிடம் இளையவர், மூத்தவர் பாகுபாடின்றி ஒரே சந்தா வாங்கியது. டொட்சனுக்கு 45 தாண்டியிருந்ததால் இடம் கிடைக்கவில்லை. அவர் மரணப் பதிவேடுகளை வைத்துக் கணக்குப் போட்டார். எந்த வயதில் சேர்ந்தாலும் அந்த வயதுக்கேற்ற சந்தாவை வாங்கி, அதைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்க முடியும் என்று காட்டினார். இளமையில் ஆபத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறோம். அந்தக் கூடுதல் சேர்ந்து வளர்ந்து முதுமையில் விழும் பற்றாக்குறையை நிரப்புகிறது. டொட்சன் 1757-இல் இறந்துபோனார். அவர் கணக்கை அடித்தளமாகக் கொண்டு ஈக்விட்டபிள் சங்கம் 1762-இல் பிறந்தது.

காசு திரும்பி வருவதன் முதல் விதை இங்கேதான் விழுந்தது. டொட்சன் பயன்படுத்தியவை நோயும் நெரிசலுமாக இருந்த லண்டன் நகரத்தின் மரணக் கணக்குகள். சங்கத்தில் சேர்ந்தவர்களோ வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சாகவில்லை. பெட்டியில் காசு மிஞ்சத் தொடங்கியது. மிஞ்சியது யாருடையது? அது உறுப்பினர்களே உரிமையாளராக உள்ள சங்கம் என்பதால் பதில் சிக்கலாக இல்லை. சந்தாவைக் குறைத்தார்கள், பொலிசித் தொகையோடு போனஸ் சேர்த்தார்கள். பிழைத்திருந்தவர்களுக்கு அவர்களிடம் கூடுதலாக வாங்கியது ஒரு வழியாகத் திரும்பிப் போனது. உறுதிமொழி ஏதும் இல்லை. மிஞ்சினால் தருவோம், அவ்வளவுதான்.

அதே கேள்வி லாப நோக்கமுள்ள கம்பனிகளிடம் போனபோது வேறு பதில் வந்தது. 1844-இல் எலிசர் ரைட் என்ற அமெரிக்கர் லண்டன் போனார். கணிதம் படித்தவர், அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர். லண்டன் ரோயல் எக்ஸ்சேஞ்சில் அவர் ஒரு ஏலத்தைப் பார்த்தார். ஏலத்துக்கு வந்தவை வயதானவர்களின் ஆயுட் பொலிசிகள். பல பத்தாண்டுகள் கட்டிவிட்டு, இனிக் கட்ட முடியாமல் போனவர்கள் அவர்கள். இடையில் நிறுத்தினால் கம்பனி சல்லிக்காசு தராது. ஆகவே ஏலத்தில் யாராவது பொலிசியை வாங்குவார்கள், மீதிச் சந்தாவைத் தாங்கள் கட்டுவார்கள், கிழவர் சீக்கிரம் செத்தால் தங்களுக்கு லாபம் என்று காத்திருப்பார்கள். அடிமைச் சந்தைக்கு எதிராக ஊர் ஊராய்ப் பேசியவருக்கு அந்த ஏலம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ரைட் ஊருக்குத் திரும்பி அந்த அநியாயத்தைச் சட்டத்தால் ஒழிக்கப் பாடுபட்டார். கம்பனிகள் ஒவ்வொரு பொலிசிக்கும் போதிய இருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1858-இல் வந்தது. அந்த மாநிலத்தின் காப்புறுதி ஆணையாளராக அவரே பொறுப்பேற்றார். இடையில் கட்ட முடியாமல் போனாலும் அதுவரை சேர்ந்தது முழுக்க அழிந்துவிடக் கூடாது என்ற சட்டம் 1861-இல் வந்தது. ரொக்கமாகவே திருப்பித் தர வேண்டும் என்பது 1880-இல் ஆனது. இன்று கல்முனையில் ஒருவர் பொலிசியைச் சரண்டர் பண்ணி ஏதோ ஒரு தொகை வாங்குகிறார் என்றால், அதன் வேர் அந்தச் சட்டங்களில் இருக்கிறது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் இவர்தான்.

ஆனால் அதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு மூளை வேலை செய்தது. நியூயோர்க்கில் ஹென்றி ஹைட் 1859-இல் ஒரு கம்பனி தொடங்கினார். லண்டன் சங்கத்தின் அதே ஈக்விட்டபிள் பெயர், ஆனால் ஆட்கள் வேறு, நோக்கம் வேறு. 1868-இல் அவர் டொன்டீன் பொலிசியை விற்பனைக்கு விட்டார். லொரென்சோ டொன்டி என்ற இத்தாலிய வங்கியாளர் 1653-இல் பிரெஞ்சு அரசுக்குச் சொல்லிக் கொடுத்த யோசனை அது: பலர் காசு போடுவது, இறந்தவர்களின் பங்கு பிழைத்திருப்பவர்களுக்கு வந்து சேர்வது. ஹைட் அதைக் காப்புறுதியோடு பின்னினார். காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பொலிசித் தொகை மட்டும். சேர்ந்த லாபத்தில் பங்கு இல்லை. இடையில் கட்டத் தவறினால் எல்லாம் போச்சு. 10, 15 அல்லது 20 வருசம் தவறாமல் கட்டி உயிரோடும் இருந்தவர்கள், இறந்தவரும் விலகியவரும் விட்டுப்போனதைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

விற்பனை கொட்டியது. "சாகாட்டி எனக்கென்ன?" என்ற பழைய கேள்விக்கு இதைவிட இனிப்பான பதில் அதுவரை யாரும் சொல்லவில்லை. மற்றக் கம்பனிகளும் பின்தொடர்ந்தன. பிழைத்திருந்தவர்களில் பலருக்கு உண்மையிலேயே நல்ல காசு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காசின் ஒரு பகுதி, பத்தாம் வருசத்திலும் பதினைந்தாம் வருசத்திலும் வேலை போய், நோய் வந்து, கட்ட முடியாமல் விலகிய ஏழைகளுடையது என்பதும் உண்மை. ரைட் இதைக் கடுமையாக எதிர்த்தார். பல வருசம் யாருக்கும் கணக்குக் காட்டாமல் கம்பனிகளின் கையில் குவிந்த பணம் ஆடம்பரத்துக்கும் அரசியலுக்கும் போனது. 1905-இல் நியூயோர்க் மாநிலம் ஆம்ஸ்ட்ரோங் குழுவை அமைத்தது. சட்டத்தரணி சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் கம்பனித் தலைவர்களைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார். அடுத்த ஆண்டுச் சட்டம் அந்த வகை ஒத்திவைத்த லாபப் பொலிசிகளை நிறுத்தியது.

கட்டிய காசைத் திருப்பித் தரும் டேர்ம் பொலிசி, மிஞ்சியதைத் திருப்பிய லண்டன் சங்கத்தின் வழியும் ஹைட்டின் வழியும் கலந்து பிறந்த பிள்ளை. லாபத்தில் பங்கு என்ற பேச்சை அது விட்டுவிட்டது. திரும்பி வருவது கட்டிய தொகை மட்டுமே. அதை முன்கூட்டியே நிச்சயமாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. இந்தியாவின் எல்.ஐ.சி. 1990-களில் பீமா கிரண் என்ற பெயரில் இப்படி ஒன்றை விற்றது. 2023 ஜூலையில் ஜீவன் கிரண் வந்தது: குறைந்தது 15 லட்சம் இந்திய ரூபாய்க் காப்புறுதி, புகைப்பவருக்கு ஒரு கட்டணம், புகைக்காதவருக்கு ஒன்று, காலம் முடிந்து உயிரோடு இருந்தால் கட்டிய தொகை திரும்பும். அதே எல்.ஐ.சி.யின் இலங்கைக் கிளைக் கம்பனி 2003 முதல் இங்கும் இயங்குகிறது. இலங்கையில் ஆயுட் காப்புறுதி 1962 தொடக்கம் 1980-களின் பிற்பகுதிவரை அரசின் கையிலேயே இருந்தது. சேமிப்போடு சேர்ந்த பொலிசிதான் ஆயுட் காப்புறுதி என்ற பழக்கம் இரண்டு தலைமுறைக்குப் பதிந்துபோனது. அந்தப் பழக்கம் உள்ள வீட்டில் வெறும் டேர்ம் பொலிசியை விற்பது கஷ்டம். திருப்பித் தரும் பொலிசி அந்தக் கதவைத் திறக்கச் செய்த சாவி.

கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை. வயது, உடல்நிலை, கம்பனி எல்லாவற்றையும் பொறுத்து உண்மைத் தொகை மாறும். ஒருவருக்கு வெறும் டேர்ம் பொலிசிக்கு வருசம் 12,000 ரூபாய், அதே காப்புறுதி திருப்பித் தரும் வகையில் 24,000 ரூபாய், காலம் 20 வருசம் என்று வைப்போம். முடிவில் பிழைத்திருந்தால் 4 லட்சத்து 80 ஆயிரம் கைக்கு வரும். இப்போது மற்ற வழி. 12,000 ரூபாய்ப் பொலிசியை எடுத்துக்கொண்டு, மீதி 12,000-ஐ ஒவ்வொரு வருசத் தொடக்கத்திலும் 8 சதவீத வட்டிக்குப் போட்டால், இருபதாம் வருச முடிவில் ஏறத்தாழ 5 லட்சத்து 93 ஆயிரம். 10 சதவீதம் கிடைத்தால் ஏழரை லட்சத்தைத் தாண்டும். வட்டி 6 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆக, திரும்பி வருகிற காசு நாமே கூடுதலாகக் கட்டிய காசும் அதன் வட்டியும்தான். கம்பனி அந்த வட்டியில் ஒரு பகுதியைத் தந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறது.

வட்டியை மட்டும் பார்த்தால் போதாது, ரூபாயையும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அந்த வருசத் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360-ஐத் தொட்டது. அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று இந்தக் கரையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். விலைகள் வருசம் 7 சதவீதம் மட்டும் ஏறினாலே, இருபது வருசத்துக்குப் பிறகு வரும் 4 லட்சத்து 80 ஆயிரத்தால் இன்றைய 1 லட்சத்து 25 ஆயிரத்துக்குக் குறைவான சாமான்தான் வாங்க முடியும். "கட்டின காசு முழுக்க" என்பது எண்ணிக்கையில் உண்மை. அரிசியில் உண்மை இல்லை.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது இடையில் விலகுபவர்களின் கதி. திருப்பித் தரும் பொலிசியை மூன்றாம், நாலாம் வருசத்தில் நிறுத்தினால் சரண்டர் தொகை கட்டியதைவிட மிகக் குறைவாக இருக்கும். தொடக்க வருசங்களில் பெரும்பாலும் எதுவுமே இருக்காது. கொஞ்சப் பேர் விலகுவார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் இத்தகைய பொலிசிக்கு விலையே போடப்படுகிறது. ஹைட் செய்ததன் சாயல் இதில் இருக்கிறது. அளவு குறைவு, சட்டக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் சாயல் அதேதான்.

எங்கள் கரையில் யார் விலகுவார்கள்? நவம்பர் பிறந்தால் கடல் கொந்தளிக்கும். தை வரைக்கும் தோணிகள் பல நாள் கரையில் கிடக்கும். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வெட்டினால்தான் வயல்காரர் கையில் காசு. மாதா மாதம் ஒரே தொகை கட்டச் சொல்லும் பொலிசி, சம்பளக்காரருக்காகத் தைத்த சட்டை. மார்கழியில் இரண்டு மாதச் சந்தா தவறுகிற மீனவரின் காசு, சம்பளத்தில் கழிபட்டு ஒருநாளும் தவறாத உத்தியோகத்தரின் முதிர்வுத் தொகைக்குத் துணைபோகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. உழைப்பவர் போன பிறகு ஒரு வீடு எப்படி நிற்கும் என்பதை இந்தக் கரை பார்த்திருக்கிறது. காப்புறுதி மிகவும் தேவைப்படுகிற மனிதரே அதிகம் இழக்கும்படி அது அமைவது சரியல்ல.

பிழைத்திருப்பவருக்குக் காசு திரும்புவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது; அது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. வட்டியும் நிச்சயமின்மையும் சூதும் கலந்தது என்று வழமையான காப்புறுதியைத் தவிர்த்த முஸ்லிம்களுக்காக 1979-இல் சூடானில் தகாபுல் என்ற கூட்டுக் காப்புறுதி முறையில் ஒரு கம்பனி தொடங்கியது. 1985-இல் ஜித்தாவில் இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி வணிகக் காப்புறுதியை மறுத்து, நன்கொடை அடிப்படையிலான கூட்டுக் காப்புறுதியை ஏற்றது. இலங்கையில் அமானா தகாபுல் 1999-இல் தோன்றியது. குடும்பத் தகாபுலில் நாம் கட்டுவது இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு தபர்ருஃ, அதாவது இறந்தவரின் குடும்பத்துக்கென்று மனமுவந்து விட்டுக்கொடுப்பது. மற்றது நம் பெயரில் முதலீடாகும். காலம் முடிந்து உயிரோடு இருந்தால் முதலீட்டுக் கணக்கும் அதன் லாபமும் வரும். தபர்ருஃ நிதியில் மிஞ்சியிருந்தால், ஒப்பந்தப்படி அதிலும் பங்கு கிடைக்கலாம். கட்டியது முழுக்கத் திரும்பும் என்று எழுதிக் கொடுப்பதில்லை. மிஞ்சினால் தருவோம் என்ற லண்டன் சங்கத்தின் பழைய பதில், வேறொரு நம்பிக்கையின் வழியாக அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. அங்கும் நிர்வாகக் கட்டணம் உண்டு, அதைக் கேட்டுத்தான் சேர வேண்டும். ஆனால் விட்டுக்கொடுத்த காசு எது, நம் காசு எது என்ற கோடு அதில் தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் தெருவில் இயந்திரப் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் போன வருசம் முகவர் வந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். திருப்பித் தரும் பொலிசியின் தாள் மேசையில். "தம்பி, இது நல்லது. ஆனா மூணாம் வருசம் கடல் ஏமாத்தினா நான் நிப்பாட்டுவன். அப்ப எவ்வளவு வரும்?" என்றார் அவர். முகவர் நல்ல பிள்ளை. பக்கத்தைப் புரட்டி அட்டவணையைக் காட்டினார். மூன்றாம் வருசத்துக்கு நேரே இருந்த தொகை, கட்டியிருக்கப் போவதில் கால்வாசிகூட இல்லை. பிறகு வெறும் டேர்ம் பொலிசிக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்கினார். மாதத்துக்குப் பதில் வருசத்துக்கு ஒருமுறை, கடல் நல்லாய் இருக்கும் ஆனியில் கட்டலாமா என்று கேட்டார். கட்டலாம் என்று பதில் வந்தது. கடைக்குட்டி மகள் படித்து முடிக்கும் வயதுவரை அதையே எடுத்தார்.

சாய்ந்தமருதில் ஆசிரியராக இருக்கும் என் கூட்டாளி திருப்பித் தரும் வகையைத்தான் எடுத்தார். "மச்சான், மிச்சத்தை வங்கியில போடுவன் எண்டு எனக்கு என்னையே நம்பேலா. சம்பளத்தில கழிஞ்சிட்டா மனசுக்கு நிம்மதி" என்றார். அவர் தவறாகச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தன் பழக்கத்தை அறிந்து, வட்டியை விட்டுக்கொடுத்து ஒழுங்கை வாங்கியிருக்கிறார். அதன் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கை நாங்கள் இருவரும் அவருடைய வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றாகத்தான் போட்டோம்.